கருப்பட்டி விலையில் தொடங்கும் கணக்கு: நெல்லைச் சீமையில் நுகர்வோரின் பங்கும் பொறுப்பும்

பாளையங்கோட்டை மார்க்கெட்டிலோ திருநெல்வேலி டவுன் ரதவீதியிலோ கருப்பட்டி கேட்டால், ஒரே கடையில் இரண்டு மூன்று விலை சொல்வார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிரட்டையில் ஊற்றி எடுத்த அதே அரைவட்டம், அதே கரும்பழுப்பு. விலை மட்டும் ஒன்றுக்கு மற்றொன்று பாதி. வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் "கொறஞ்சதுல ரெண்டு கிலோ போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் பையை நீட்டிவிடுகிறார்கள். பொருளாதாரத்தில் நுகர்வோரின் பங்கு என்ன, பொறுப்பு என்ன என்று பேச வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஒரு வாக்கியத்துக்குள் கிடக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதநீரில் இனிப்பு நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்குதான், மீதி தண்ணீர். ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்க எட்டு முதல் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். பதநீரை லிட்டர் 30 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் அதற்கே 240 முதல் 300 ரூபாய் ஆகிறது. அதற்கு மேல் விறகு, காய்ச்சும் கூலி, ஓலைப்பெட்டி, வண்டி வாடகை, மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடையின் லாபம். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவ வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவத் தவறினால் இறங்குவது பதநீர் அல்ல, கள். இவ்வளவும் சேர்ந்த பொருள், அந்தக் குறைந்த விலைச் சரக்குக்குச் சொல்வதுபோலக் கிலோ 180 ரூபாய்க்கு வர வழியே இல்லை. வருகிறது என்றால் காய்ச்சும்போது பாத்திரத்தில் வேறு ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது கிலோ 50 ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும் சீனி.

சீனி சேர்ப்பதில் விலை ஆதாயம் மட்டும் இல்லை. சீனி விழுந்த பாகு சீக்கிரம் இறுகும், சிரட்டையிலிருந்து உடையாமல் கழன்று வரும், மழைக்காலத்தில் அவ்வளவாகக் கசியாது. சுத்தக் கருப்பட்டியோ ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிசுபிசுத்துவிடும். விவரம் தெரியாதவர் அதைக் கெட்டுப்போன சரக்கு என்று திருப்பிக் கொடுக்கிறார். கெட்டியாக, பளபளவென்று இருப்பதை நல்ல சரக்கு என்று வாங்கிப் போகிறார். உடைத்த முகத்தில் மணிமணியாக மின்னினால் சந்தேகப்படலாம். ஆனால் கண்ணும் நாக்கும் சந்தேகம் வரைக்கும்தான் கொண்டுபோகும். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். அதற்கும் பாளையங்கோட்டையிலேயே வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

இந்தச் சிக்கலைப் பொருளியல் அரை நூற்றாண்டுக்கு முன்பே அலசிவிட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு இதை விளக்கினார். 2001ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைக்க அந்த ஆய்வுதான் காரணம். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் முழு விலை கொடுக்கத் தயங்கி, நடுவாந்தரமாக ஒரு விலைக்குக் கேட்பார். அந்த விலை நல்ல சரக்கு வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டு ஒதுங்குவார். மிஞ்சும் சரக்கின் தரம் ஒரு படி இறங்கும். அதைப் பார்த்து வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். இப்படியே போனால் கடைசியில் நல்ல சரக்கு சந்தையிலேயே இருக்காது. சுத்தமாகக் காய்ச்சிய குடும்பங்கள் தொழிலை விட்டதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். மரமேற ஆளில்லை, பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள், வருமானம் பருவத்துக்கு மட்டும்தான். இவற்றோடு, சீனிக் கருப்பட்டி விலைக்குத் தன் சரக்கை விற்கச் சொல்லும் சந்தையையும் சேர்க்க வேண்டும். அந்த விலையை நிர்ணயித்ததில் கடைக்காரருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வாங்கியவருக்கும் உண்டு.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் உண்டு. குறியீடு பெயரைத்தான் காக்கும். பெட்டியில் அந்தக் குறியையும் தயாரித்தவர் முகவரியையும் தேடிப் பார்க்கிறவர் இருந்தால்தான் அந்தக் காப்புக்குப் பலன். "பத்தமடை" என்று அட்டை ஒட்டிய பிளாஸ்டிக் பாயை வாங்குகிறவருக்குப் பாய் என்னவோ கிடைத்துவிடுகிறது. கோரையை நனைத்து, கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிறவருக்குத்தான் அந்தக் காசு போய்ச் சேர்வதில்லை.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் குடும்பங்கள் செய்யும் நுகர்வுச் செலவுதான். ஏற்றுமதி, அரசுச் செலவு, தொழில் முதலீடு எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே எது விளைய வேண்டும், எது காய்ச்சப்பட வேண்டும், எந்தக் கடை நிலைக்க வேண்டும் என்பதைப் பெரிய அளவில் தீர்மானிப்பது மாதாந்திரப் பலசரக்குச் சிட்டைகள்தான். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அறிவுரை வரப்போகிறது என்று சலிப்பு தட்டும். இங்கே நாம் சொல்வது கையால் செய்கிற சில வேலைகளை: எடையைப் பார்ப்பது, சீட்டு வாங்குவது, கடனை அடைப்பது, தவறு நடந்தால் எழுதிக் கொடுப்பது.

தராசு சொல்லாதது

அல்வாவிலிருந்து தொடங்கலாம். அரைக் கிலோ அல்வா கேட்கிறோம். கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள் அல்வாவை வைத்து, 500 காட்டியதும் எடுத்துவிடுகிறார். பெட்டி 50 கிராம் என்றால் வாங்கியது 450 கிராம் அல்வாதான். கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அட்டைக்கு 20 ரூபாய் கொடுத்திருக்கிறோம். எடையளவுச் சட்டப்படி நிகர எடையில் பெட்டி சேரக் கூடாது. வெறும் பெட்டியை வைத்ததும் எடையைச் சுழியாக்கும் பொத்தான் பெரும்பாலான மின்னணுத் தராசுகளில் இருக்கிறது. "பெட்டிய கழிச்சுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரும்பாலான கடைகளில் மறுபேச்சு இல்லாமல் செய்வார்கள். கேட்காதவருக்குச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

தராசின் முகப்பிலோ பக்கவாட்டிலோ ஒரு தகடு இருக்கும். அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், பிரிவு 5 கிராம் என்பது போல எழுதியிருக்கும். அதைப் படிப்பவர் அபூர்வம். அதன் பொருள் இது: 100 கிராமுக்குக் குறைந்த எதையும் அந்தத் தராசில் நம்பி நிறுக்க முடியாது. பலசரக்குக் கடையில் அரிசி நிறுக்கும் தராசிலேயே 50 கிராம் ஏலக்காயும் நிறுப்பார்கள். ஒரு பிரிவு அளவு, அதாவது 5 கிராம் முன்பின் போனாலும் நூற்றுக்குப் பத்து. ஏலக்காய் கிலோ 3,000 ரூபாய் என்றால் 15 ரூபாய். கடைக்காரர் ஏமாற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. அந்தக் கருவிக்கு அவ்வளவுதான் நுணுக்கம். விலை கூடின வாசனைச் சரக்கைச் சிறு தராசு வைத்திருக்கும் கடையில் வாங்குவது, அல்லது நிகர எடை அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குவது புத்திசாலித்தனம்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சரிபார்த்த சான்றைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பலரும் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு மனு கொடுத்து அலைகிறார்கள். அது ரேஷன் சம்பந்தப்பட்டது.

பெட்ரோல் பங்கில் மீட்டர் சுழியிலிருந்து தொடங்குகிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. சமையல் எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ. வெற்று உருளையின் எடை அதன் மேல் வளையத்தில் எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய எடை. கொண்டுவருபவர் நிறுத்துக் காட்டக் கடமைப்பட்டவர். அதே வளையத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். உருளையை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்ற கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி அதற்கு மேல், இலக்கம் ஆண்டு. அந்தக் காலாண்டு கடந்துபோன உருளையை வாங்கக் கூடாது, மாற்றிக் கேட்க வேண்டும்.

காய்கறிக்கு வருவோம். இதில் வாங்குபவர் பக்கத்துத் தப்பும் நிறைய. உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. பாளையங்கோட்டை மகாராஜநகர் சந்தை நெல்லை மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அங்கே விலையைத் தினமும் காலையில் கணக்குப் போட்டுப் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது அடிப்படை. நயினார்குளம் மொத்தச் சந்தையில் போட்டிருந்தால் கிடைப்பதைவிட விவசாயிக்குக் கூட, தெருக்கடையைவிட வாங்குபவருக்குக் குறைவு. இந்த ஏற்பாட்டின் உயிரே நடுவில் ஆள் இல்லாததுதான். அந்தப் பலகை விலைக்கும் கீழே பேரம் பேசுவது விவசாயியின் வண்டி வாடகையில் கை வைப்பதுதான்.

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கும் பழக்கம் இன்னொன்று. ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் என்பது சரியான சோதனைதான். இரண்டு காயை ஒடித்துப் பார்த்தால் அந்தக் கூறு எப்படி என்று தெரிந்துவிடும். இருபதை ஒடித்துப் பத்தைப் பொறுக்கினால் மீதி பத்து மதியத்துக்குள் நுனி கறுத்து வாடிவிடும், யாரும் வாங்கமாட்டார்கள். தக்காளியை அமுக்கிப் பார்ப்பதும் அப்படியே. விற்பவர் இந்தக் கழிவை முன்கூட்டியே விலையில் ஏற்றித்தான் வைக்கிறார். ஒடிக்காதவரும் சேர்ந்து ஒடித்தவருக்காகப் பணம் கட்டுகிறார்.

பில் வேண்டாம் என்றால் என்ன வேண்டாம் என்கிறோம்

"பில்லு போட்டா வரி சேரும், வேண்டாம்னா இதுதான் வெல." மோட்டார், மிக்ஸி, குழாய்ச் சாமான், டைல்ஸ் விற்கும் இடங்களில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. 4,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி 720 ரூபாய். மிச்சம்தானே என்று தோன்றும்.

இதில் மறைந்திருக்கும் கணக்கு வேறு. ஜி.எஸ்.டி.யில் கடைக்காரர் தான் கொள்முதலில் கட்டிய வரியை, விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். முறையாகப் பில்லோடு வாங்கிய சரக்கைப் பில் இல்லாமல் விற்றால் அவருடைய இருப்புக் கணக்கு உதைக்கும். ஆகவே பில் இல்லாமல் தாராளமாக விற்க முடிகிற சரக்கு பெரும்பாலும் பில் இல்லாமலே வந்த சரக்கு. அது எந்தத் தொழிற்சாலையில் உருவானது, அசலா போலியா, உத்தரவாத அட்டை செல்லுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மிச்சம் பிடித்த 720 ரூபாய்க்குப் பதிலாக வாங்கியவர் விட்டுக்கொடுத்தது பழுது நீக்கும் உரிமையை, மாற்றிக் கேட்கும் உரிமையை, வழக்குப் போடும் உரிமையை.

வரி எங்கே போகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்த வரி, பொருள் உற்பத்தியாகும் மாநிலத்துக்கு அல்ல, நுகரப்படும் மாநிலத்துக்குச் சேரும்படி அமைந்தது. வள்ளியூரில் வாங்கிய மின்விசிறி வேறெந்த மாநிலத்தில் செய்யப்பட்டிருந்தாலும் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கே. பில் கேட்பவர்தான் அந்தப் பங்கு கருவூலத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முதல் சாட்சி.

பில்லைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை சில. ஜி.எஸ்.டி. எண் 15 இலக்க, எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் உரிமையாளரின் சட்டப் பெயரும் கடைப் பெயரும் வரும். எண் இல்லாத பில்லில் வரி வசூலித்திருந்தால் அது வரியல்ல, கடைக்காரரின் கூடுதல் லாபம். இணக்கமுறைத் திட்டத்தில் (காம்போசிஷன்: விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் முறை) உள்ள சிறு வியாபாரிக்கு எண் இருக்கும், ஆனால் வாங்குபவரிடம் வரி வசூலிக்க உரிமை கிடையாது; அதைப் பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். சின்ன உணவகங்களில் அந்த வாசகமும் இருக்கும், கீழே 5 சதவீத வரியும் போட்டிருப்பார்கள். அங்கே வரித் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு 12 சதவீதம் 5 ஆகவும், 28 சதவீதம் 18 ஆகவும் இறங்கியிருக்கிறது. பழைய விகிதத்திலேயே பில் வந்தால் கேட்க வேண்டும்.

அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சிட்டதில் எல்லா வரியும் அடங்கிவிட்டது. அதன் மேல் வரி சேர்க்கக் கூடாது. குற்றாலம் சாரல் பருவத்தில் குளிர்பான பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று ஐந்து ரூபாய் கூடக் கேட்பது சட்டப்படி தவறு. உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் பரிமாறும் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் கதை வேறு: அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் உணவகத்தில் சண்டை போட்டுவிட்டு, பெட்டிக்கடையில் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

நகையில் பில் இன்னும் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல் மூன்று குறி கட்டாயம்: பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, தூய்மை (22 காரட் என்றால் 916), ஆறு இலக்க, எழுத்துகள் கொண்ட தனி அடையாள எண். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் முத்திரையிட்ட மையமும் தூய்மையும் வரும். கையில் உள்ளது மோதிரம், செயலியில் வருவது வளையல் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பில்லில் நிகரத் தங்க எடை, தூய்மை, முத்திரைக் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும். கல் எடையைத் தங்க எடையோடு சேர்த்து நிறுப்பது பழைய தந்திரம். கல் பதித்த கம்மலுக்கு அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். முத்திரை சொல்லும் தூய்மையைவிடக் குறைந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பில் இல்லாமல் "சேதாரத்தில் குறைத்துத் தருகிறேன்" என்பதற்கு மயங்கியவருக்கு அந்த விதி உதவாது.

இன்னொரு சின்ன விஷயம். வெப்ப அச்சுப் பில் ஆறேழு மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைக்க வேண்டும்.

பற்றுக் கணக்கு

எந்தப் பாடப் புத்தகத்திலும் நுகர்வோர் கடமை என்று பட்டியல் போடுவார்கள். அதில் இது இருக்காது. நம் ஊரில் மிகப் பெரிய நுகர்வோர் கடன் வங்கியில் இல்லை, தெரு முனைப் பலசரக்குக் கடையின் நீளமான நோட்டில் இருக்கிறது. மாதத்தின் முதல் பத்து நாள் கையில் காசு இருக்கும்போது சூப்பர் மார்க்கெட். கடைசி வாரம் காசு தீர்ந்ததும் அண்ணாச்சி கடை. பற்று எழுதிக்கொள்ளச் சொல்லி அரிசி, பருப்பு, எண்ணெய்.

சிறு கடைக்கு அரிசி, சீனி, எண்ணெயில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. நூறு ரூபாய்ச் சரக்கில் ஐந்து ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கினால், இரண்டரை மாதம் பற்று நிலுவையில் நின்றதுமே அந்த ஐந்து ரூபாய் காலி. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் அவர் கைக்காசு. அவருக்கு இரண்டு வழிதான்: எல்லார் விலையையும் ஏற்றுவது, அல்லது மட்டமான சரக்கை இறக்குவது. பெரும்பாலும் இரண்டும் நடக்கும். பிறகு "அந்தக் கடையில் சரக்கு சரியில்லை" என்று நாமே சொல்வோம். காசு கொடுத்து வாங்கும் நாளிலும் சிறு பங்கையாவது அங்கே வாங்குவதும், சம்பளம் வந்த வாரத்தில் நோட்டைத் தீர்ப்பதும் தர்ம காரியம் அல்ல. அடுத்த முறை நல்ல பருப்பு கிடைப்பதற்கான முதலீடு.

எழுதிக் கொடுக்கும் வழி

கருப்பட்டிக்குத் திரும்புவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குபவரே பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம் என்கிறது. ஒரு நிபந்தனை: வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு, கலப்படம் என்று அறிக்கை வந்தால் அது திரும்பக் கிடைக்கும். மாநிலத்தின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கிறது. வீட்டில் பாதி தின்றுவிட்டு மீதியைக் கொண்டுபோவதும், பில் இல்லாமல் போவதும் பயன்படாது. தனியாகச் செலவழிக்க மனமில்லை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடைப் பெயர், இடம், படத்தோடு அனுப்பலாம். அலுவலர் மாதிரி எடுப்பார். இனிப்புக் கடையில் சில்லறையாக விற்கும் தட்டுகளிலும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் எழுதி வைக்க வேண்டும். அல்வாத் தட்டில் அது இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை.

ரேஷன் கடையில் வாங்காத பொருளை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் சொல்லலாம். மற்ற பொருள், சேவைக் குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பெரிய நிறுவனங்களின் குறைகள் பல அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. இணைய வணிகத்தில் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் நம் ஊர்க்காரருக்கு மிகப் பெரிய வசதி, வாங்குபவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. நாங்குநேரியில் இருப்பவர் டெல்லி இணைய நிறுவனத்தின் மேல் திருநெல்வேலியிலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பில் தர மறுப்பதும், பழுதான பொருளைச் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகைக்குப் பழுதான பொருள் விஷயத்தில் மதிப்பில்லை. அளவு பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்குச் சட்டம் வராது. அது கடையின் தயவு.

முதலில் எழுத்தில் ஓர் அறிவிப்பு: வாங்கிய நாள், பில் எண், என்ன பழுது, என்ன கேட்கிறோம், பதினைந்து நாள் அவகாசம். அஞ்சல் ரசீதையும் சேர்ப்புச் சான்றையும் பத்திரமாக வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், உத்தரவாத அட்டை, அறிவிப்பின் நகல். வழக்குகள் சறுக்கும் இடங்கள் வழக்கமானவை. பெயர்ப் பலகையில் உள்ள பெயரைப் போட்டு, சட்டப் பெயரை விட்டுவிடுவது ஒன்று; மேலே சொன்ன ஜி.எஸ்.டி. எண் தேடல் இதற்குத்தான் கை கொடுக்கும். தயாரிப்பாளரைச் சேர்க்காமல் கடைக்காரரை மட்டும் சேர்ப்பது இன்னொன்று. பேசிப் பேசியே இரண்டு ஆண்டுக் காலவரம்பைக் கடத்திவிடுவது மூன்றாவது. கடைக்காரர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதால் கெடு நீளாது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தானே உழைத்துப் பிழைக்க மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கியவர் நுகர்வோர்தான். அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். 3,000 ரூபாய் மிக்ஸிக்குப் பத்து லட்சம் இழப்பீடு கேட்பது வழக்கைப் பலவீனமாக்கும். கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் கணக்கு காட்ட முடிய வேண்டும்.

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் நீட்டிப்பு. ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். தீர்ப்பை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். மதுரையில் அதற்கு அமர்வு உண்டு. பணம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பானால் மேல்முறையீடு செய்பவர் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். யாரும் மேல்முறையீடு செய்யாமல், பணமும் வராமல் இருந்தால் ஆணையம் தானாகப் பின்தொடராது. வென்றவர்தான் நிறைவேற்று மனு போட வேண்டும். ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 72ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த மனுவுக்கு முதல் தாளாகத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பு வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.